தூணை நாலு அடி தள்ளி வைத்த கதை

எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றின், அதாவது நிலத்துக்குக் கீழே இருக்கும் தளத்தின், நடுவில் ஒரு இரும்புத் தூண் நின்றது. நின்றது என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன், அந்தச் சொல்லுக்குள் எட்டு மாதமும் பதினாறாயிரம் டொலருக்குக் கிட்டவும் அடங்கியிருக்கிறது.

வீடு கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், எழுபதுகளில் கட்டிய இரண்டு மாடி வீடு. வாங்கும்போது பேஸ்மென்ற்றைப் பெரிதாகப் பார்க்கவில்லை. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இருக்கிறதா, தண்ணீர் கசிந்த அடையாளம் இருக்கிறதா, அவ்வளவுதான். தூண் கண்ணில் பட்டது மகள் பரதம் பழகத் தொடங்கிய பிறகு. இந்த ஊரில் தமிழ்ப் பிள்ளைகளில் பலபேர் பரதமோ மிருதங்கமோ பழகுவது யாராவது ஒருவருடைய பேஸ்மென்ற்றில்தான், வீட்டிலே தட்டித் தட்டிப் பழகவும் அதே இடம்தான். மேலே ஆடினால் கீழே உள்ளவர்களுக்குத் தலையிடி, கீழே ஆடினால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை. ஆனால் அந்தத் தூண் சரியாக அவள் சுற்றித் திரும்பும் இடத்தில் நின்றது. இரண்டு தரம் முழங்கையில் அடி, ஒரு தரம் நெற்றியில். நான் பஞ்சு மெத்தையை வெட்டித் தூணைச் சுற்றிக் கட்டினேன், அம்மா அதற்கு மேலே தன் பழைய சேலை ஒன்றைச் சுற்றிவிட்டார். கோயில் திருவிழாவுக்கு மண்டபத் தூணுக்குத் துணி கட்டியது மாதிரி இருந்தது. வந்தவர்கள் எல்லாம் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

சரி, தூணை நகர்த்தினால் என்ன என்று அங்கேதான் தொடங்கியது.

முதலில் வந்து பார்த்த கொன்ராக்டர் தூணைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். “ஒரு நாள் வேலை அண்ணை. கடையிலை ஜாக்கித் தூண் விக்குது, அதை வாங்கி உங்களுக்கு விருப்பமான இடத்திலை நிப்பாட்டி, திருகி இறுக்கிப்போட்டு, பழையதை வெட்டி எடுக்கலாம். பெர்மிற் ஒண்டும் தேவையில்லை.” ஆயிரத்து ஐந்நூறு டொலர் சொன்னார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. அடுத்த சனிக்கிழமையே வரச் சொல்லியிருப்பேன். தடுத்தது மனைவிதான். “மேலை நாங்கள் படுத்திருக்கிறம், ஒரு எஞ்சினியரைக் கூப்பிட்டுக் கேட்டா என்ன குறைஞ்சுபோவீங்கள்?” என்று கேட்டாள்.

வந்த எஞ்சினியர் இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெடியன், முப்பது வயது இருக்கும். தூணை அவர் பார்க்கவே இல்லை. நேராக உட்கூரையை மூடியிருந்த ட்ரைவோல் அட்டையில் ஒரு சதுரத்தை வெட்டச் சொன்னார், வெட்டின ஓட்டைக்குள் தலையை விட்டு ரோர்ச் அடித்து மேலே பார்த்தார், கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு என்னையும் ஏணியில் ஏறச் சொன்னார்.

அங்கே பார்த்ததை விளக்கினால்தான் மிச்சக் கதை விளங்கும். எங்கள் வீட்டை நீளவாட்டில் நடுவே தாங்குவது ஒரு மர பீம். இரண்டுக்குப் பத்து பலகை மூன்றைச் சேர்த்து ஆணி அடித்துச் செய்தது. முப்பது அடி நீளம், இரண்டு முனையும் கொங்கிறீற் சுவரில் இருக்கும் குழிக்குள் உட்கார்ந்திருக்கின்றன, இடையில் பத்து அடிக்கு ஒன்றாக இரண்டு தூண்கள். இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் வரும் தரையின் குறுக்கு மரங்கள் எல்லாம் இந்த பீமின் மேலேதான் வந்து முடிகின்றன. ஆனால் முப்பது அடிக்கு ஒரே பலகை கிடைக்காதே. பத்துப் பத்து அடியாகப் பொருத்தியிருந்தார்கள், மூன்று பலகையின் பொருத்தும் ஒரே இடத்தில், சரியாகத் தூணின் தலைக்கு மேலே. ரோர்ச் வெளிச்சத்தில் அந்தக் கோடு ஒரு தலைமயிர் அளவில் தெரிந்தது. தூணை எடுத்தால் அந்த இடத்தில் பீம் என்று ஒன்றே இல்லை, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு துண்டுகள்தான்.

பொருத்து தூணுக்கு மேலே இருந்ததில் பிழை ஒன்றும் இல்லை, விதிப்படி அது அங்கேதான் இருக்கலாம், இல்லாவிட்டால் இடைவெளியின் கால்வாசித் தூரத்தை ஒட்டி இருக்கலாம். பிழை என்னுடைய ஆசையில்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை ஜாக்கித் தூணைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பழையதை வெட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எஞ்சினியரைக் கேட்டேன். “உடனே விழாது அண்ணை. மெல்ல மெல்ல இருக்கும்” என்றார். அந்த “மெல்ல மெல்ல”வை நினைத்து அன்றிரவு நான் வடிவாக நித்திரை கொள்ளவில்லை.

தூணை நகர்த்த நான் கேட்டது நாலரை அடி. அவர் காகிதத்தை எடுத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார், எனக்கு அது இன்னும் மனதில் நிற்கிறது. நாலு அடி நகர்த்தினாலே ஒரு பக்கம் 10 அடி இடைவெளி 14 ஆகிறது. 1.4 மடங்குதானே என்றுதான் நாங்கள் நினைப்போம். ஆனால் பீமை வளைக்கிற விசை இடைவெளியின் வர்க்கத்தோடு ஏறும், அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. நடுவில் தொய்வது நாலாம் அடுக்கோடு ஏறும். 1.4ஐ நாலு தரம் பெருக்கிப் பாருங்கள், 3.84 வரும். நாலு அடி கூட்டினதற்குத் தொய்வு கிட்டத்தட்ட நாலு மடங்கு! பல இடங்களில் தாங்கப்படும் ஒரே பீமுக்கு இந்த எண் கொஞ்சம் மாறும், ஆனால் போகிற போக்கு இதுதான் என்றார். மூன்று பலகை பீம் அதைத் தாங்காது. சுவரிலிருந்து மற்றத் தூண் வரை இருபது அடிக்கு இரும்பு பீம் போட வேண்டும்.

கடை ஜாக்கித் தூணைப் பற்றி நான் மறுபடி வாயைத் திறந்தேன். தற்காலிகமாகத் தாங்கப் பிடிக்க நல்லது, எங்கள் வீட்டுக்கு நிரந்தரமாக நிற்க அதைத் தன் வரைபடத்தில் போடமாட்டேன் என்று சிரிக்காமல் சொன்னார். ஒன்ராறியோ விதிகளில் வட்ட இரும்புத் தூண் என்றால் வெளி விட்டம் குறைந்தது 73 மில்லிமீற்றர், குழாயின் தடிப்பு 4.76 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அவர் வரைந்தது மூன்றரை அங்குலச் சதுரக் குழாய், கால் அங்குலத் தடிப்பு.

பாரம் தாங்கும் எதையும் அசைப்பதென்றால் ஒன்ராறியோவில் நகரசபையிடம் கட்டட அனுமதி எடுக்க வேண்டும், எடுத்தோம், அது ஒரு தனி அலுப்பு, வரைபடம் ஒரு தரம் திரும்பி வந்து மறுபடி போனது. அதை நீட்டி எழுத ஒன்றும் இல்லை.

உண்மையான வேலை தரைக்குக் கீழேதான் இருந்தது. இதை நான் முழுவதும் தவறாக நினைத்திருந்தேன். பேஸ்மென்ற் தரை கொங்கிறீற்தானே, அதன் மேல் தூணை வைத்தால் போதாதா என்று. அந்தக் கொங்கிறீற் மூன்று, நாலு அங்குலத் தடிப்புத்தான், நடக்கவும் சாமான் வைக்கவும் போட்டது. ஒவ்வொரு தூணுக்கும் அடியில் தரைக்குக் கீழே தனியாக ஒரு அத்திவாரம் இருக்கிறது, பாரத்தை மண்ணில் பரப்புவது அதுதான். அது பழைய இடத்தில் இருக்கும், நீங்கள் தூணை நகர்த்தினால் கூடவே நடந்து வராது. எங்கள் தூணின் தலையில் வரும் பாரம் பன்னிரண்டாயிரம் இறாத்தலுக்கு மேலே என்று கணக்கு வந்தது, அதாவது ஐந்து தொன்னுக்கும் கூட, சின்னக் கார்கள் நாலை ஒரு குழாயின் மேல் அடுக்கியது மாதிரி. அதை நாலு அங்குலத் தரையில் வைத்தால் பப்படத்தில் விரலை ஊன்றின கதைதான்.

விதியில் சாதாரண வீடுகளுக்கு ஒரு அளவு இருக்கிறது: தூண்கள் 3 மீற்றர் இடைவெளியில் நின்றால், இரண்டு தளத்தைத் தாங்கும் தூணுக்கு 0.75 சதுர மீற்றர் அத்திவாரம். ஏறத்தாழ 34 அங்குலச் சதுரம். எங்களுக்கு ஒரு பக்கம் இடைவெளி கூடிவிட்டதால் 40 அங்குலச் சதுரம், 14 அங்குல ஆழம் என்று எழுதிக் கொடுத்தார்.

தோண்டுவதற்கு முன்னால் இரண்டு தடங்கல். கார்பெற்றைக் கிளப்பினால் அதன் கீழே பழைய வைனில் ஓடுகள். அந்தக் காலத்து ஓட்டிலும் அதை ஒட்டின கறுப்புப் பசையிலும் மூச்சுக்குக் கேடான அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், வெட்டினால் தூள் பறக்கும், ஆகவே ஒரு துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். இல்லை என்று வந்தது. அடுத்தது கழிவுக் குழாய். பிளம்பர் தரை வடிகாலுக்குள் கமராவை விட்டு, மேலே ஒரு கருவியால் அதைத் தொடர்ந்து போய்த் தரையில் சோக்கால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கோடு நாங்கள் தோண்ட நினைத்த சதுரத்தின் மூலையை வெட்டிக்கொண்டு போனது. நாலரை அடி நாலு அடியானது அப்படித்தான். மகளிடம் அரை அடி குறையுது என்றேன். “அப்பா, அரை அடி எண்டா ஒரு தட்டடவு” என்றாள். என்ன செய்வது, குழாயோடு பேரம் பேசவா முடியும்.

தரையை வெட்டியது தண்ணீர் ஊற்றி வெட்டும் வாளால், அப்படியும் சேறு சுவரெல்லாம் தெறித்தது. வேலைக்கு வந்தவர் வயதான போர்த்துக்கல்காரர் ஒருவரும் அவருடைய மகனும். கீழே சாம்பல் நிறக் களிமண். மண்வெட்டி இறங்காமல் துண்டு துண்டாகக் கிளம்பியது, பழைய பனங்கட்டியை உடைப்பது மாதிரி. முப்பதுக்கும் மேலே வாளி, எல்லாம் மாடிப்படி வழியாகக் கையால் தூக்கி வெளியே. நானும் பத்து வாளி தூக்கினேன், பதினொன்றாவதுக்கு முதுகு ஒத்துழைக்கவில்லை. பெரியவர் குழியின் அடியைத் தட்டையாக்கும்போது ஒன்றைக் கவனித்தேன்: கூடுதலாகத் தோண்டிவிட்டு மறுபடி மண்ணைப் போட்டு நிரப்பவே மாட்டார். அசையாத மண்ணின் மேல்தான் கொங்கிறீற் விழ வேண்டும், நிரப்பின மண் பிறகு இறங்கிவிடும் என்று கைச்சைகையால் காட்டினார். நகரசபை இன்ஸ்பெக்டர் வந்ததும் அதையேதான் பார்த்தார். ஒரு இரும்புக் கம்பியை நாலு இடத்தில் குத்திப் பார்த்து, அளவுநாடாவை நீட்டி, கையெழுத்துப் போட்டு, பத்து நிமிடத்தில் போய்விட்டார். இந்தப் பார்வைக்கு முன்னால் கொங்கிறீற் ஊற்றினால் அதை உடைத்துக் காட்டச் சொல்லலாம், ஆகவே அவசரப்படாதீர்கள்.

30 கிலோ கலவைப் பை 26 போனது. கம்பிக் கூடு கட்டி, நடுவில் தூணைப் பிடிக்க நாலு போல்ற் நிறுத்தி, ஊற்றி முடித்தோம். கொங்கிறீற்றின் முழு வலு 28 நாளில் என்றுதான் கணக்கு வைப்பார்கள், ஏழு நாளில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் வந்துவிடும். எங்களுக்கு அவசரமில்லை. வீடு இன்னும் பழைய தூணில்தான் நின்றது, அதனால் நாலு கிழமை விட்டுவிட்டோம். இந்த ஒழுங்குதான் எனக்கு மிகவும் பிடித்தது: புதிய கால் காய்ந்து தயாராகும் வரை பழைய காலைத் தொடவே இல்லை. மகள் அந்த ஈரக் கொங்கிறீற் சதுரத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தாள்.

ஓகஸ்ற்றில் பெரிய நாள். பீமின் இரண்டு பக்கமும் மூன்று அடி தள்ளித் தற்காலிக மரச்சுவர் ஒவ்வொன்று எழுப்பினார்கள். ஒரு பக்கம் மட்டும் போதாதா என்று நான் கேட்டது மடத்தனம். குறுக்கு மரங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து பீமின் மேல் முடிகின்றன, ஒரு பக்கத்தைத் தாங்கிப் பிடித்தால் மற்றப் பக்கம் தொங்கும். சுவரின் அடியில் அகலமான பலகை, பாரம் தரையில் ஒரே புள்ளியில் இறங்காமல் இருக்க. பீமை ஒட்டிப் போன காற்றுக் குழாயையும் கழற்ற வேண்டியிருந்தது, ஆகவே அந்த வெக்கையில் இரண்டு நாள் ஏசி இல்லை. அம்மா பனையோலை விசிறியைத் தேடி எடுத்துவிட்டு, இதுதான் கடைசியில் உதவுது பார் என்றார்.

இரும்பு பீம் அடிக்கு 24 இறாத்தல், இருபது அடிக்கு 480. மாடிப்படியில் திரும்பாது. பின்பக்க யன்னலைச் சட்டத்தோடு கழற்றி, வளவிலிருந்து ஆறு பேர் பிடித்துக் குழாய்த் துண்டுகளின் மேல் உருட்டி உருட்டி உள்ளே விட்டார்கள். பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா வேலியோடு கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

பிறகு மர பீமை வெட்டினார்கள். முதலில் குறுக்கு மரங்களுக்கும் பீமுக்கும் நடுவே வாளின் நாக்கை விட்டு ஆணிகளை அறுத்து, பிறகு பீமைத் துண்டு துண்டாக. ஐம்பது வருடம் பழகின மரம், ஆனால் வாள் பட்டதும் அப்போதுதான் வெட்டின மரம் மாதிரி பிசின் மணம் வந்தது. தூணைத் தரை மட்டத்தில் இரும்பு அறுக்கும் கிரைண்டரால் அறுக்க வேண்டியிருந்தது. இந்த வீடுகளில் தூணை அத்திவாரத்தில் நிறுத்திவிட்டு அதைச் சுற்றித்தான் தரையை ஊற்றியிருக்கிறார்கள், அடித்தட்டு கொங்கிறீற்றுக்குள் புதைந்து கிடக்கும். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஒரு நிமிடம், பீமும் இல்லை தூணும் இல்லை, அந்தப் பக்கத்து இரண்டு மாடியும் இரண்டுக்கு நாலு கட்டைகளில் நின்றது. நான் மேலே போய் எல்லோரையும் வெளியே அனுப்பினேன். தேவையே இல்லை என்று எஞ்சினியர் சொன்னார். இருக்கட்டும்.

புதிய பீமைக் கைப்பிடி சுற்றித் தூக்கும் லிப்ற் இரண்டில் வைத்து ஏற்றினார்கள். அதன் முதுகில் ஒன்றரை அங்குலப் பலகை ஒன்றை போல்ற் போட்டு இறுக்கியிருந்தது, குறுக்கு மரங்களை ஆணியடிக்க. பெயருக்குப் பத்து அங்குலப் பலகை என்றாலும் பழைய பீம் உண்மையில் ஒன்பதேகால் அங்குல உயரம், புதியது பலகையோடு சேர்த்து ஒன்பதரைக்குக் கொஞ்சம் குறைய, அதனால் கூரை உயரத்தில் கால் அங்குலம்கூடப் போகவில்லை. தூணின் அடித்தட்டுக்குக் கீழே சுருங்காத கலவையை வைத்து அடைத்தார்கள், மேலே வெல்டிங் இல்லாமல் போல்ற்தான், மரத்துக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்று.

பிறகு தற்காலிகச் சுவர்களை மெல்ல இளக்கினார்கள். அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை. இடி இல்லை, முறிவு இல்லை. வயதானவர் கட்டிலிலிருந்து எழும்பும்போது மூட்டு நெரிவது மாதிரி, மேலேயிருந்து ஒன்று, கொஞ்சம் கழித்து இன்னொன்று. பெரியவர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார், நின்று கேட்டார், பிறகு மறுபடி. ஒரு மணித்தியாலம் எடுத்தது.

மேலே குசினிக் கதவு நிலைக்கு மேல் ஒரு மெல்லிய வெடிப்பு வந்தது, எங்கள் மகன் பென்சிலால் அதற்குப் பக்கத்தில் திகதி போட்டிருக்கிறான். இன்றுவரை அது நீளவில்லை. ஒரு காலத்தில் தொய்ந்திருந்த தரையை இதே சாட்டில் தூக்கி நேராக்கலாமா என்று நான் கேட்டதற்கு எஞ்சினியர் வேண்டாம் என்றார், ஐம்பது வருடம் எடுத்து இறங்கினதை ஒரு நாளில் தூக்கினால் மேலே மாபிளும் சுவரும் வெடிக்கும், கதவுகள் இறுகும். அது இருந்த மட்டத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நாலு அடிக்குப் பதினாறாயிரம். அடிக்கு நாலாயிரம் என்று மச்சான் இப்போதும் பகிடி பண்ணுகிறான். எனக்கு அதில் கோபம் இல்லை, ஆனால் தொடங்கும்போது இந்தத் தொகையைச் சொல்லியிருந்தால் வேறு இடத்தில் ஆடப் பழகு என்றுதான் மகளிடம் சொல்லியிருப்பேன்.

அறுத்த பழைய தூண் கராஜில் கிடந்தது. ஏழு அடி இரும்புக் குழாய், எறிய அம்மா விடவில்லை. பின் வளவில் பாகற்கொடிக்குப் பந்தல் போட ஒரு கால் குறைகிறது என்று புரட்டாதியிலேயே நட்டுத் தரச் சொன்னார். நான் புதிதாகப் படித்தவன் அல்லவா, இந்த ஊரில் உறைபனி நாலு அடி ஆழம் வரை இறங்கும், அதற்குக் கீழே தோண்டி நிறுத்தாவிட்டால் மண் உறைந்து தூணை மேலே தள்ளும் என்று விளக்கினேன். “பாகற்காய்க்கு எதுக்கடா எஞ்சினியர்?” என்றார். ஒன்றரை அடிதான் தோண்டினோம். இந்த வருடம் பனி கரைந்த பிறகு போய்ப் பார்த்தால் மூன்று அங்குலம் கிளம்பி, வேலிப் பக்கம் சாய்ந்துகொண்டு நிற்கிறது. அம்மா அதிலேயே கயிறு கட்டிக் கொடியை ஏற்றிவிட்டார்.